பாட்டுக்கு எத்தனை பேர்?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் இசைக் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



இன்று மாலை இந்த மண்டபத்தில் பத்துப் பாடல்கள் பாடப்படவிருக்கின்றன. அவற்றைத் தெரிவு செய்யும் பொறுப்பு இசைக் குழுவினராகிய எங்களிடம் விடப்பட்டது. "இதென்ன பெரிய வேலையா? எல்லோருக்கும் பிடித்த பத்துப் பாட்டை எடுத்துப் போடுங்கள்" என்றார் தலைவி. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எல்லோருக்கும் பிடித்தது எது என்று கண்டுபிடிக்கப் போனபோதுதான் வில்லங்கம் தொடங்கியது. அந்தக் கதையைச் சொல்லவே இங்கே நிற்கிறோம். நம்முடைய சிறிய குழுவுக்கு வந்த அதே சிக்கல் இன்று உலகத்துப் பாட்டு வரிசைகள் எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறது என்பதையும் போகிற போக்கில் அறிந்துகொண்டோம்.

முதலில் நாங்கள் செய்தது சுலபமான வேலை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு படிவத்தைப் போட்டோம். உங்களுக்குப் பிடித்த பாடல்களைக் குறியுங்கள் என்றோம். ஒருவர் எத்தனை தடவையும் அனுப்பலாம் என்று படிவத்தில் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டே நாளில் பதில்கள் வந்து குவிந்தன. கூட்டிப் பார்த்தால் பத்தும் அண்மைக்காலச் சினிமாப் பாடல்கள். தவறு ஒன்றும் இல்லை, நல்ல பாடல்கள்தான். பட்டியலைக் குழுவில் போட்ட அன்றிரவு பசறைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா தொலைபேசியில் பேசினார். "நம்ம ஸ்கூலுக்கு நூறு வருசம். எங்க அம்மா பாடுன பாட்டு, எங்க ஆயா பாடுன பாட்டு ஒண்ணுகூட இதுல இல்லியேம்மா. நாங்க எல்லாம் வாக்குப் போடவே இல்ல. எங்க டிவிசன்ல சிக்னல் ரோட்டுக்கு வந்தாத்தான்" என்றார்.

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. 2021இல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது இணைய வகுப்புக்குச் சிக்னல் தேடி ஊவா மலைகளில் பாறைமேல் ஏறிய பிள்ளைகளை நாம் மறந்துவிட முடியாது. அதே பிள்ளைகளின் வீடுகளைத்தான் எங்கள் பட்டியல் விட்டுவிட்டிருந்தது.

பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, மற்றவர்கள் இதை எப்படிச் செய்தார்கள் என்று தேடத் தொடங்கினோம்.

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அடுத்த ஆண்டே கொழும்பில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. ஆகவே வானொலிக்கும் நம்முடைய கல்லூரிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியபின், அதன் குரல் இந்தியா முழுவதும் கேட்டது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களுக்குக் கெடுபிடி இருந்த காலம் அது. 1952 டிசம்பரில் 'பினாக்கா கீத்மாலா' என்ற ஹிந்திப் பாட்டு வரிசை கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கியது. அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்த நிகழ்ச்சி, நாடா வடிவில் கொழும்புக்கு வந்து, இங்கிருந்து வானில் ஏறி, மறுபடி இந்தியாவுக்குப் போனது. எந்தப் பாட்டு முதலிடம் என்பதை எப்படி முடிவு செய்தார்கள்? இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையைக் கேட்டார்கள். அதோடு நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்தார்கள். கடைக் கணக்கு மட்டும் போதாது என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள். இசைத்தட்டு வாங்க வசதி இல்லாதவனும் தேநீர்க் கடை வாசலில் நின்று பாட்டுக் கேட்கிறான் அல்லவா?

தமிழ்ச் சேவையை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கொண்டே சீருடை மாட்டியவர்கள் நாம். 'நேயர் விருப்ப'த்துக்குத் தபாலட்டை எழுதாத வீடு எது? ஒரு தபாலட்டையில் ஒரு லயத்தின் பெயர்கள் எல்லாம் இருக்கும். பாட்டு ஒன்று, பெயர் பதினைந்து. கைக்குழந்தையின் பெயரையும் விடமாட்டோம். அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் வாசிப்பார். தெமோதரை, நமுனுகுலை, மடுல்சீமை, ஹப்புத்தளை என்று நம்முடைய ஊர்களின் பெயர்கள் இந்தியப் பெருங்கடல் தாண்டிப் போயின. பாட்டை விட நம் பெயர் வானொலியில் வருவதற்காகவே காத்திருந்தோம் என்பதை இன்று ஒப்புக்கொள்ளலாம்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், அன்று ஒரு தபாலட்டைக்குப் பின்னால் பதினைந்து பேர் இருந்தார்கள். இன்று ஒரே ஒருவர் பதினைந்து தடவை கேட்டால், அது பதினைந்தாகவே எண்ணப்படுகிறது. அன்றைய கணக்கு ஆட்களைக் குறைத்துக் காட்டியது. இன்றைய கணக்கு கூட்டிக் காட்டுகிறது. இரண்டிலும் ஆட்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

மேல்நாடுகளின் கதையும் இதுதான். 1952 நவம்பரில் பிரித்தானியாவின் முதலாவது பாட்டு வரிசை ஒரு பத்திரிகையில் வந்தது. ஏறக்குறைய இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசித் தயாரித்தது அது. அமெரிக்காவில் பில்போட் சஞ்சிகை 1958இல் நூறு பாடல் வரிசையை ஆரம்பித்தது. அங்கேயும் நெடுங்காலம் கடைக்காரர் வாய்ச்சொல்தான் ஆதாரம். 1991இல் கடைகளில் பார்கோடு வாசிக்கும் இயந்திரங்களின் கணக்கை நேரடியாக எடுக்கத் தொடங்கினார்கள். உடனே என்ன நடந்தது தெரியுமா? கண்ட்ரி பாடல்களும் ராப் பாடல்களும் திடீரென்று மேலே ஏறின. ஒரே வாரத்தில் மக்களின் ரசனை மாறிவிடவில்லை. அவற்றை வாங்கியவர்கள் முன்பும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்காரரின் கண்ணுக்குத்தான் அவர்கள் படவில்லை. அளவுகோல் மாறியதும் ஆட்கள் தெரிந்தார்கள்.

இப்போது இசைத்தட்டும் இல்லை, கசெட்டும் இல்லை. பாட்டை யாரும் வாங்குவதில்லை, ஓடவிடுகிறோம். ஸ்பொட்டிஃபையில் முப்பது வினாடி ஓடினால் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. 2014இலிருந்து பிரித்தானிய வரிசையில் இந்தக் கேட்புகளும் சேர்க்கப்படுகின்றன. அப்போது நூறு கேட்புகள் ஒரு விற்பனைக்குச் சமம். 2018இலிருந்து இன்னொரு மாற்றம். மாதக் கட்டணம் செலுத்துபவரின் நூறு கேட்புகள் ஒரு விற்பனை. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர் என்றால் அறுநூறு கேட்புகள் வேண்டும்.

இதைப் படித்தபோது எங்களுக்குள் ஒருவர், "அட, இது அரைப் பேர் மாதிரி அல்லவா?" என்றார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறோம். கொழுந்து மடுவத்தில் தராசு வைப்பார்கள். ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு. குறித்த கிலோ வராவிட்டால் நாள் முழுவதும் மலையில் நின்றாலும் அரைப் பேர்தான். நம்மில் பலரின் தாய்மார் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவர்கள். தராசு பொய் சொல்லாது என்பார்கள். எதை நிறுப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பது தராசு அல்ல, மனிதர்கள். பாட்டு வரிசையிலும் அப்படியே. காசு கொடுப்பவர் காதுக்கு ஒரு பேர், காசு இல்லாதவர் காதுக்கு அரைப் பேர்கூட இல்லை, ஆறில் ஒரு பேர்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறோம். வரிசை தொடங்கிய நாளிலிருந்தே அது விற்பனையை அளந்தது. பாட்டால் யாருக்கு எவ்வளவு வருமானம் வருகிறது என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும். கட்டணம் செலுத்துபவரிடமிருந்து கூடுதலாகப் பணம் வருகிறது, ஆகவே கூடுதல் நிறை. சந்தைக் கணக்கு என்று பார்த்தால் அது சரிதான். பிழை எங்கே என்றால், சந்தைக் கணக்கை எடுத்துவிட்டு, "இதுவே மக்கள் மிகவும் விரும்பும் பாடல்" என்று அறிவிப்பதில்தான். விற்றது எது, விரும்பப்பட்டது எது என்பவை இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் இரண்டு பட்டியல் வேண்டும்.

கேட்புக் கணக்கில் இன்னும் சில சங்கடங்கள் உண்டு. 2017 மார்ச்சில் எட் ஷீரன் என்ற பாடகரின் புதிய இசைத்தொகுப்பு வந்தபோது, பிரித்தானிய வரிசையின் முதல் இருபது இடங்களில் பதினாறு அவருடைய பாடல்கள். தொகுப்பை ஒரு தடவை முழுதாக ஓடவிட்டவர் ஒவ்வொரு பாட்டுக்கும் வாக்குப் போட்டதாக ஆகிவிட்டது. அதன்பின் ஒருவருக்கு மூன்று பாடல் என்று விதி செய்தார்கள். ஒருவர் ஒரே பாட்டை நாள் முழுவதும் ஓடவிட்டாலும் பத்துத் தடவைக்கு மேல் எண்ணுவதில்லை என்றும் ஒரு விதி உண்டு. எண்ணுவது யார், எண்ணப்படுவது எது என்று அவர்களும் தட்டுத்தடுமாறித்தான் போகிறார்கள் என்பது எங்களுக்குச் சிறிது ஆறுதலாக இருந்தது.

இன்னொன்று: தபாலட்டை எழுதியவர் அந்தப் பாட்டை நினைத்து, காசு கொடுத்து அட்டை வாங்கி, தபால் பெட்டி வரை நடந்தார். இன்று ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைக் கைப்பேசியே போட்டுவிடுகிறது. நாம் சமைத்துக்கொண்டிருப்போம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். அதுவும் விருப்பமா? மேலே இருக்கும் பாட்டைத்தான் அது போடுகிறது, அது போடுவதால் அந்தப் பாட்டு மேலேயே இருக்கிறது.

எண்ணிக்கை சொல்லாத விடயமும் ஒன்று உண்டு. 2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டை நம்முடைய பேரப்பிள்ளைகளும் ஆடினார்கள். யூடியூபில் கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்டது. அதை எழுதித் தீயுடன் சேர்ந்து பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். அந்தப் பாட்டிக்குப் பின்னால் இருப்பது நம்முடைய கதை. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் நம்முடைய வகுப்புகளிலிருந்தும் பிள்ளைகள் விடைபெற்றுப் போனார்கள். இருந்தும் அதே ஆண்டில் ஒரு சஞ்சிகையின் அட்டையில் அந்தப் பாட்டைக் கொண்டாடியபோது அறிவின் முகம் இல்லை. பலர் கேள்வி கேட்டபின்பே அவருக்கும் ஓர் அட்டை வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். கோடி தடவை எண்ணப்பட்ட பாட்டுக்கே இந்த நிலை. எத்தனை தடவை என்று சொன்ன கணக்கு, யாருடையது என்று சொல்லவில்லை.

இவ்வளவும் படித்தபின் இரண்டாம் தடவை பட்டியல் போட உட்கார்ந்தோம். இம்முறை காகிதத் துண்டு. ஒருவருக்கு ஒன்று மட்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கும் ஒன்றுதான், டிவிசனில் இருப்பவருக்கும் ஒன்றுதான். மூன்று வரி: பாடசாலையில் பாடிய ஒரு பாட்டு, வானொலியிலோ திரையிலோ கேட்ட ஒரு பாட்டு, வீட்டில் பாடிய ஒரு பாட்டு. இப்போது படிக்கும் பிள்ளைகள் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எழுத முடியாத ஆயாமார் சொல்லச் சொல்லப் பேத்திமார் எழுதி வந்தார்கள். நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து எண்ணினோம்.

முதல் இரண்டு வரியும் சுலபம். மூன்றாம் வரியில் மாட்டிக்கொண்டோம். வீட்டுப் பாட்டில் ஒன்றாவது இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வாக்கு. எங்கள் நேர்மையான கணக்கிலும் அம்மா பாட்டுகள் தோற்றுவிட்டன! ஒருவருக்கு ஒரு வாக்கு என்று வைத்தும் பயனில்லை என்று சலித்துப்போய்த் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்களில் ஒருவர் ஒரு துண்டில் இருந்த தாலாட்டை மெல்லப் பாடிப் பார்த்தார். எதிரில் இருந்தவர் நிமிர்ந்து, "இது எங்கள் பாட்டு அல்லவா? ஆனால் நாங்கள் மாமன் பெயரில் தொடங்குவோம்" என்றார். பிறகு துண்டு துண்டாக எடுத்துப் பாடினோம். ஹப்புத்தளையில் ஒரு தொடக்கம், லுணுகலையில் ஒரு தொடக்கம், ஹாலி-எலவில் இன்னொன்று. மெட்டு ஒன்றே. ஏழு துண்டுகள் ஒரே தாலாட்டு என்று அன்று மாலை கண்டோம்.

சினிமாப் பாட்டுக்குப் பெயர் உண்டு, பதிவு உண்டு, ஆகவே எண்ணலாம். நம்முடைய தாலாட்டுக்கும் தெம்மாங்குக்கும் ஒப்பாரிக்கும் தலைப்பு இல்லை. பாடுகிற வாய்க்கேற்ப அது மாறும். இயந்திரத்துக்கு அது ஏழு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். நமக்கு அது நான்கு தலைமுறையின் ஒரே பாட்டு. எண்ணுவதற்கு முன்னால் யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதை நாங்கள் அன்று படித்துக்கொண்டோம். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தாரே, அவர் செய்தது அந்த வேலையைத்தான். அவர் கேட்டிருக்காவிட்டால் அவற்றில் பல பாட்டுகள் பாடியவர்களோடு போயிருக்கும்.

ஆகவே பாட்டு வரிசை போடுகிறவர்களுக்கு, நம்மைப் போன்ற சிறிய குழுவானாலும் பெரிய நிறுவனமானாலும், நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எத்தனை தடவை ஓடியது என்பதோடு எத்தனை பேர் கேட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வாரம் மட்டும் பார்க்காமல், ஓராண்டு கழித்தும் தேடி வந்து கேட்பவர் எத்தனை பேர் என்று பாருங்கள். காசு கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் தனித்தனியாகக் காட்டுங்கள், ஒருவரை ஆறில் ஒன்றாக்கி மற்றவருக்குள் மறைத்துவிடாதீர்கள். எந்த விதிப்படி எண்ணினீர்கள் என்பதைப் பட்டியலின் அடியில் எழுதுங்கள். பாட்டுக்கு உரியவரின் பெயரை எண்ணுக்கு முன்னால் போடுங்கள். பொய்க் கணக்கு வைத்திருப்பவர்கள் இதிலும் புகுந்துவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். தராசில் கள்ளம் இருக்கக்கூடும் என்பதற்காக யாரும் கண்ணை மூடிக்கொண்டு நிறுப்பதில்லையே.

இன்று மாலை பாடப்படும் பத்தில் ஐந்து, உங்கள் வாக்கில் வென்ற வானொலி, திரைப்பாடல்கள். நான்கு, இந்த மண்டபத்திலேயே நாம் பாடிப் பழகியவை. கடைசிப் பாட்டு அந்தத் தாலாட்டு. ஏழு தோட்டத்து ஏழு தொடக்கங்களையும் ஏழு பேர் பாடுவார்கள். மெட்டு உங்களுக்குத் தெரிந்தால், உங்கள் வீட்டுத் தொடக்கத்தோடு நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். பிழை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். இந்த உரை மலரில் அச்சாகி, கனடாவிலும் லண்டனிலும் சென்னையிலும் கோவையிலும் வத்தளையிலும் இருக்கும் நம் சகோதரிகளின் கைக்கு வரும். இதைப் படித்து முடித்ததும் உங்கள் அம்மாவையோ பெரியம்மாவையோ ஆயாவையோ பக்கத்தில் இருத்தி, ஒரே ஒரு பாட்டைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து அனுப்புங்கள். பாடியவர் பெயர், தோட்டம், டிவிசன், அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் பெயர் ஆகிய நான்கையும் எழுதுங்கள். அவர்கள் இல்லையென்றால், நினைவில் இருக்கும் இரண்டு அடியை நீங்களே பாடி அனுப்புங்கள். கல்லூரி நூலகத்தில் அவற்றுக்கென்று ஓர் அலுமாரியையும் ஒரு கணினியையும் ஒதுக்கித் தர அதிபர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள்.

அங்கே எந்தப் பாட்டுக்கும் இடம் குறிக்கப்போவதில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவரின் முழுப் பேரையும் போடுவோம்.